இடம் மாறிய கட்டம்

மைசூர்
12-3-1996

ஜெய்ப்பூரைத் திருத்திக் கட்டப் போயிருக்கும் ஆர்க்கிடெக்ட் மருமகளுக்கு,

தசரா யானையை ஒரே விசிலில் நிறுத்திய உன் மாமா எழுதுவது.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நாற்பதாயிரம் முறை வாசித்துவிட்டேன். ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது கட்டம் என்று அந்தக் காலத்தில் ஜெய்ப்பூரைப் போட்டார்களாம், ஒரு மூலையில் மலை குறுக்கே நின்றதாம், அந்தக் கட்டத்தைத் தூக்கிக் கிழக்கே வைத்தார்களாம். "கிரகத்தையே அட்ஜஸ்ட் பண்ண வச்சிருக்காங்க பாருடா" என்று அக்கா சிரித்தாள். இப்போதெல்லாம் சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது.

நம் வீட்டிலும் ஒரு கட்டம் இடம் மாறியிருக்கிறது. உன் அம்மாவின் கட்டில் இப்போது கூடத்தில். அறையிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. அவளுக்கு அது இமயமலை. கட்டிலைத் தூக்கிப் போட்டேன், பிறகு அவளையும் தூக்கினேன். நூறு பயில்வானுக்குச் சமமானவன் நான், உனக்குத் தெரியும். ஆனால் அவளைத் தூக்கப் பலமே வேண்டியிருக்கவில்லை, கண்ணு.

தலை தெற்கே, பார்வை வடக்கே இருக்கும்படி போடச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"ஜெய்ப்பூர் அந்தப் பக்கம்தானேடா."

உன் ஆர்க்கிடெக்ட் பரீட்சை முடியும்வரை தன் உடம்பைப் பற்றி உனக்கு மூச்சு விடக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஈரேழு லோகத்திலும் சத்தியம் தவறாதவன் நான். ஆகவே டாக்டர் சொன்னதை எழுதவில்லை. பரீட்சை அடுத்த வருஷமும் வரும் என்று மட்டும் எழுதுகிறேன்.

கிடைக்கிற ரயிலில் ஏறிவிடு.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை எதையும் கூட்டிச் சொல்லாத
உன் மாமா