ஹெலுனாவைக் கறக்க ஆள் வந்துவிட்டாள்

அன்பு மகள் இர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது கை ஒன்றைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம், அங்கே நீ தலை முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும். கையெழுத்து உன் தங்கை ரைலியுடையது, சொல்வது நான். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ வர வேண்டாம். ஸ்வீடன் நூற்பாலை வேலையை விட்டுவிட்டு ஈஸ்டருக்குள் ஊருக்கு வந்துவிடு என்று போன கடிதத்தில் எழுதச் சொன்னேனே, அதை மறந்துவிடு. மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தால் திரும்பப் போய் இல்லை என்று சொல், கப்பல் சீட்டு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு.

கிணற்றடிப் பனியில் வழுக்கி என் மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். அப்பா பனி உருகும்வரை மரம் வெட்டும் முகாமில்தான் இருப்பார், ஒற்றைக் கையால் மாடு கறக்க முடியாது, ஹெலுனாவோ பழக்கமில்லாத கை பட்டால் வாளியையே உதைத்துத் தள்ளும். மாடுகளை விற்றால் உன் குட்டித் தம்பி பென்டிக்குப் பால் ஏது. ரைலி பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் நீ வர வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீ வரும்வரை என்று சொல்லி அவளைத் தொழுவத்தில் நிறுத்தினேன். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியவளும் அவள்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். அதைத் தபாலில் போடத் தேவாலயம் இருக்கும் ஊருக்கு அனுப்பினால், போட்டுவிட்டு நேராக எதிரே இருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்து, அம்மாவுக்குக் கை உடைந்துவிட்டது, வீட்டுக்கு உதவிப் பெண் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிரசவமோ நோயோ வந்த வீட்டுக்கு ஊராட்சியே ஒரு பெண்ணை அனுப்பும் என்று பாடப் புத்தகத்தில் படித்தாளாம். கேட்டதும், என்னடி காரியம் பண்ணிட்டு வந்திருக்க, நம்மள ஏழைங்க கணக்குல சேர்த்துட்டியே, நாளைக்கு அப்பா எந்த முகத்தோட தேவாலயத்துக்குப் போவாரு என்று கத்தினேன். அவள் அழவில்லை. அது ஏழைங்களுக்குன்னு தனியா இல்லம்மா, எல்லாருக்கும்தான், பள்ளிக்கூடம் மாதிரி, ரோடு மாதிரி, ரோட்டுல நடக்க யாராவது வெட்கப்படுவாங்களா என்று கேட்டாள். நான் நம்பவில்லை.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உனக்கும் சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை. என் அப்பா இறந்தபோது அம்மா ஊரிடம் உதவி கேட்டாள். ஊர் செய்த உதவி என்ன தெரியுமா, உன் தானேலி மாமாவை ஏலத்தில் நிறுத்தியது. இந்தப் பையனை வைத்துச் சோறு போட ஊரிடம் யார் குறைவான பணம் கேட்கிறார்களோ அவர்களுக்கு என்று ஏலம். குறைவாகக் கேட்டவர் ஏரிக்கரைப் பண்ணையின் பழைய எஜமானர். மாமாவுக்கு அப்போது எட்டு வயது, அவர்கள் குதிரை லாயத்தில் படுத்தார். இன்றுவரை அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஊர் உதவி என்றாலே எனக்கு ஏலம் நடந்த மண்டபமும், அண்ணனின் பல்லைப் பிடித்துப் பார்த்த கையும்தான் ஞாபகம் வரும். (இதை நானும் இப்போதுதான் கேட்கிறேன். - ரைலி)

ஆனாலும் ஊராட்சி ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டது, வருகிறவள் வரத்தான் போகிறாள் என்று ஆனதும் எனக்கு இன்னொரு கவலை. வீட்டைப் பார்த்து என்ன நினைப்பாள். ரைலியைத் தரையைத் தேய்க்க வைத்தேன், கம்பளங்களைப் பனியில் அடிக்கச் சொன்னேன், சவுனா நீராவிக் குளியலறையைச் சூடாக்கி, கல்யாணக் கோப்பைகளை எடுத்து வைத்து, ஏலக்காய் ரொட்டியும் சுட்டாயிற்று. காலால் உந்தி ஓட்டும் பனிச்சறுக்கு வண்டியில் வந்து இறங்கினாள், ஐலா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும், கன்னமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஏன்க்கா, இங்க யாருக்கு உடம்பு சரியில்ல, எனக்கா, நான் செய்ய ஒன்னுமே மிச்சம் வைக்கலையே என்றாள். காப்பியை மட்டும் குடித்தாள், பிறகு கோடுபோட்ட முன்துணியைக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். ஹெலுனா வழக்கம்போல உதைத்தது. உதைச்சுக்கோ, எனக்குச் சம்பளம் ஊராட்சி தருது, உனக்குத்தான் யாரும் தரல என்று அதனிடம் பேசிக்கொண்டே கறந்து முடித்தாள். மறுநாளிலிருந்து ரைலி பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலக் கறவை மட்டும் அவளுடையது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேள். நேற்றுக் கூட்டுறவுக் கடையில் ஏரிக்கரைப் பண்ணையின் இளைய எஜமானரைப் பார்த்தேன், அந்தப் பழையவரின் பேரன். அவர் மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, வேலைக்காரிகளோ உன்னைப் போல ஸ்வீடனுக்குப் போய்விட்டார்கள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், லெம்பிம்மா, நாளையிலேர்ந்து மத்தியானம் ஐலா எங்க வீட்டுக்கும் வருதாம், வர்றதுக்கு முன்னாடி வீட்டைத் துடைச்சு வைக்கணுமா, படுத்த படுக்கையிலேர்ந்தே வீட்டுக்காரி என் உயிரை வாங்குறா, நேத்து நானே முட்டி போட்டுத் தேய்ச்சேன் என்றார். அந்த வீட்டு ஆள் என்னிடம் இதைக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தேய்க்காதீங்க தம்பி, அப்படியே விடுங்க, அது அந்தப் பொண்ணோட வேலை என்று சொன்னேன். வசதி இருப்பதால் அவர்கள் ஏதோ கொஞ்சம் கட்டுகிறார்களாம், நாம் கட்டுவதில்லை. காலையில் நம் தொழுவம், மத்தியானம் அவர்கள் தொட்டில், அதே பெண், அதே முன்துணி. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், கைதான் வலித்தது. ரோட்டைப் பற்றி ரைலி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தானேலி மாமாவிடமும் சொன்னேன். அவர் புகைக்குழாயைப் பற்றவைத்துவிட்டு, அவனே தேய்ச்சானா என்று மட்டும் கேட்டார், கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

நீயும் காய்ச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஆலைக்குப் போகாதே. நோய்க்காலப் பணம் அங்கே எல்லாருக்கும் உண்டாமே, கேட்டு வாங்கு, தலை குனியாதே. கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், நல்ல தோழிகளும் வயிறு நிறையச் சாப்பாடும் உனக்கு என்றும் கிடைக்கட்டும். கப்பல் சீட்டைத் திருப்ப மறக்காதே. வராதே என்பதைத் தன் படிப்புக்காக ரைலியே எழுதிவிட்டாள் என்று நீ சந்தேகப்படக்கூடும், உன்னை எனக்குத் தெரியும். அதனால் கீழே இருக்கும் கோணல் எழுத்தை நானே இடது கையால் போடுகிறேன். நடுங்கி எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வராதே. நன்றாக இரு.
உன் அம்மா லெம்பி