‘இல்லை’ என்ற அம்பு

செவ்வாய், ஜூலை 8

இன்று ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் வெள்ள நிவாரணம் யாருக்கு என்று ‘ஆம்’, ‘இல்லை’ அம்புகளோடு ஃப்ளோசார்ட் வரையவைத்தேன். "முகவரிச் சான்று உண்டா?" என்ற முதல் கேள்வி என்னுடையது. அவரவர் குடும்பத்தை வைத்துச் சோதிக்கச் சொன்னதும் என் புத்திதான்.

ஷபானாவின் அப்பாவுக்கு சனத்நகர் பட்டறையில் வேலை, அங்கேயே ஷெட்டில் குடியிருப்பு. முகவரிச் சான்று கிடையாது. முதல் அம்பிலேயே அவள் குடும்பம் பட்டியலுக்கு வெளியே போனது.

"மேம், ஹம் அவுட் க்யா?" நாங்கள் அவுட்டா என்று கேட்டாள்.

"லாஜிக் கரெக்ட் ஹை, பேட்டா," லாஜிக் சரிதான் குழந்தை என்று சொல்லித் தொலைத்தேன்.

மாலையில் நோட்டுகளைத் திருத்தினேன். அவள் ‘இல்லை’ அம்பையும் ‘உதவி’ என்ற கட்டத்துக்கே திருப்பியிருந்தாள். கை பழக்கத்தில் சிவப்பில் தப்புக் குறி போட்டுவிட்டது.

காலையில் நோட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சிவப்பை நான் அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. தப்பு மட்டும் அப்படியே தெரிகிறது.