லவினா வேனில் ஏறிப்போன நாள்

விவேக் நகர்,
பெங்களூரு.

அன்பு மகன் லாயிட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. குழந்தை இயேசுவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா பிரிஜெட் செபமாலை சொல்லாத நாள் இல்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், உன் அம்மா ஒரு பக்கம், உன் மனைவி லவினா ஒரு பக்கம், நடுவில் உன் மகள் ஆஞ்சலா, இதில் எனக்கு வாயைத் திறக்க இடம் ஏது. எதிர்வீட்டு கிளெமென்ட் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் இதையும் அம்மா சுட்ட அச்சு முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கில் பாதியாவது உன் கைக்கு வந்தால் உன் அதிர்ஷ்டம்.

விஷயம் ஆஞ்சலாவைப் பற்றியது. பதறாதே, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது என்று லவினா சொன்ன அன்றைக்கு, கண்டதையும் வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நீ ஒரு வார்த்தை விட்டாய். அதைக் கேட்டு எனக்குத்தான் சுருக்கென்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எப்படி வந்தது என்று அவள் டாக்டரம்மாவைத் துருவித் துருவிக் கேட்டாள், நானும் கூடப் போயிருந்தேன். சாப்பாடும் ஓடி விளையாடாததும் முதலில் பார்க்க வேண்டியது, குடும்பத்தில் சர்க்கரை இருப்பதும் ஒரு காரணம் என்றார்கள் (நான் உங்களுக்கு வைத்திருக்கும் ஒரே சொத்து அதுதானே). ஆனால் வண்டிப் புகையும் லேசுப்பட்டதில்லையாம். அந்தப் பொடித் தூசு நுரையீரலோடு நிற்காமல் ரத்தம் வரைக்கும் போகுமாம், நெரிசலான ரோட்டுப் புகையிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு எடை ஏறுவதும், இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காமல் போவதும் கூடுதலாக இருக்கிறது என்று பல ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்களாம். இவளுக்கு அதனால்தான் வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் குறைக்க முடிந்ததைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நானாக இருந்தால் ஊர்ப் புகைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்திருப்பேன். உன் பெண்டாட்டி மறுநாளே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையோடு ஸ்கூல் வேனில் ஏறிவிட்டாள். சீட் இல்லை மேடம் என்று டிரைவர் தலையைச் சொறிந்ததற்கு, பரவால்லண்ணா, பிள்ளைய மடியில வெச்சிக்கிறேன், நீங்க வண்டிய எடுங்க என்றாளாம். சாயந்திரமும் அதே வேனில்தான் வந்தாள். சில்க் போர்டு ஜங்ஷனில் நின்றால் நின்றதுதானாம், முன்னால் தண்ணி லாரி, பக்கத்தில் பஸ், ஜன்னலை மூடினால் வேர்க்கிறது, திறந்தால் புகை. பிள்ளைகள் பொழுது போகாமல் சிப்ஸ் தின்றுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றனவாம். வீடு வந்து சேர விளக்கு வைத்தாகிவிடுகிறது, அதற்குமேல் எங்கே விளையாட? முகம் துடைத்த கைக்குட்டையை என்னிடம் காட்டினாள், கரி பிடித்த துணி மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த ரோட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்குத் தோன்றியது, சொல்.

இதற்குள் உன் அம்மா சும்மா இருப்பாளா? பிள்ளைக்குச் சர்க்கரை இறங்க ஒன்பது வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் நவநாள் செபத்துக்கு நடத்தியே கூட்டிவருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். டாக்டர் நடக்கச் சொன்னதும் ஆச்சு, வேண்டுதலும் ஆச்சு என்று ஒரே பெருமை. வியாழன் சாயந்திரம் நம் கோயில் ரோடு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், ஊரே திரண்டு வந்து, ஆட்டோவும் பஸ்ஸும் உறுமிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தப் புகைக்குள் பிள்ளை இரைக்க இரைக்க நடந்தாள். வேறொருத்தி என்றால் மாமியாரோடு மல்லுக்கு நின்றிருப்பாள். லவினா சிரித்துக்கொண்டே, மம்மி, காலைப் பூசையிலயும் குழந்தை இயேசு அங்கதான இருக்காரு, கூட்டம் இல்லாதப்ப கேட்டா நம்ம வேண்டுதல் நல்லாக் காதுல விழும் என்றாள். உன் அம்மா அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இப்போது வியாழன் விடியற்காலையில் மூன்று பேரும் உள்சந்து வழியாகப் போய் வருகிறார்கள்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். நம் பின்தெருவைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஸ்கூல் இருக்கிறதே, அங்கே ஜூனில் ஆறாவதுக்கு லவினா இடம் கேட்டாள். முதலில் இல்லை என்றவர்கள், இவள் விடாமல் போய் நிற்பதைப் பார்த்துச் சரி என்றுவிட்டார்கள். நிழலில் நடந்தே போகலாம், ஸ்கூல் விட்ட பிறகு மைதானத்தில் விளையாடவும் விடுகிறார்கள். படிப்பு எப்படி என்று அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடமும் விசாரித்துவிட்டாள். இந்த மாதத்துக்குள் பழைய ஸ்கூலில் டி.சி. கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். உன்னிடம் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளை இப்போது படிக்கிற அந்தப் பெரிய ஸ்கூல் வாசலை நம் குடும்பத்தில் யாரும் மிதித்ததில்லை என்று நீ சொன்னபோது எனக்கும் நெஞ்சு நிறைந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீ அங்கே தனியாகக் கிடப்பது அதற்காகத்தான் என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான், அவரு ஆசைப்பட்டுச் சேர்த்தது டாடி, நான் எப்படி எடுக்கச் சொல்லுவேன் என்று என்னிடம் கண் கலங்கினாள். உன் மகளையும் விட்டுக்கொடுக்காமல் உன் மனசையும் நோகடிக்காமல் ஒருத்தி தவிப்பதைப் பார்த்து, மகனே, நீ கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயிலில் வெளியே போனால் தண்ணீர் குடிக்க மறக்காதே, உனக்கும் சர்க்கரை பார்த்துக்கொள். உன் அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு, குழந்தை இயேசு உன்னைக் கைவிடமாட்டார். நான் இதை எழுதியது லவினாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஜூனிலிருந்து பிள்ளை நடந்தே ஸ்கூலுக்குப் போகட்டும் என்று நீயாகச் சொல்லிவிடு. லவினா அழுவாள், அழட்டும். அவளைக் கேட்க மட்டும் வைத்துவிடாதே.

என்றும் உன் அன்பு அப்பா,
ஹெர்பர்ட்