பின்பெட்டிக்குள் என் சர்டிபிகேட்

1938 ஜூன் 5, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இவர் காரைத் துடைத்த அழகைப் பார்க்க வேண்டுமே! ரப்பர் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துப் போட்ட கார். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் வாங்கியதும் தேராகிவிட்டது. பின்பெட்டிப் பூட்டுதான் சண்டி. மூன்று தட்டு, ஒரு குத்து, அப்புறம்தான் திறக்கும்.

வீட்டு அலமாரியில் கரையான் ஏறுகிறது என்று என் ஆசிரியப் பயிற்சி சர்டிபிகேட்டை அதற்குள்தான் வைத்திருக்கிறார். வரும் பதின்மூன்றாம் தேதி குளுவாங்கில், கத்தோலிக்கச் சாமியார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு நேர்முகம். சர்டிபிகேட் இல்லாமல் வர வேண்டாம் என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 7, செவ்வாய்

ரப்பர் பால் ஏற்றி வந்த மாட்டுவண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதாம். இவர் பெருந்தன்மையாக இரண்டு வாளிப் பாலைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிவந்தார். குலுங்கிய குலுங்கலில் பூட்டுக்குள் பால். துடைத்தாரா? இல்லை. பூட்டு சண்டித்தனம் பண்ணுவது துருவினால் என்று முடிவுகட்டி, ஸ்டோரிலிருந்து ஆசிட் கொண்டுவந்து ஊற்றி மூடிவிட்டார்.

பாலில் ஆசிட் விட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் நடை பழகும் பிள்ளைகூடச் சொல்லும். மூன்று மணிக்கெல்லாம் பூட்டுக்குள் பால் உறைந்து முதல் தர ரப்பர் தயார்.

ஜூன் 8

திறக்கவில்லை.

ஜூன் 9, வியாழன்

ரெங்கம் டவுனில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் சீனர் ஆ செங் குனிந்து பார்த்தார். "அலமாக்! மூடி வெட்டணும் லா, தம்பி."

"காரையா வெட்டுறது?" என்று இவர் உடனே வண்டியைத் திருப்பிவிட்டார். காருக்கு வலிக்குமாம். எனக்கு?

ஜூன் 11, சனி

நானே இறங்கிவிட்டேன். மண்ணெண்ணெய் விட்டு, கொண்டை ஊசியால் குடைந்தேன். இரண்டு ஊசி முறிந்தன. சுருள் சுருளாக ரப்பர் வருகிறது, பூட்டு அசையவே இல்லை. பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் அக்கா வேலியோரம் நின்று, "ரப்பர் மரம் சீவுற மாதிரியே இருக்கே, அமலு. பால் பிடிக்கக் கோப்பை கொண்டாரவா?" என்றார். சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன்.

இவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஏன்?

ஜூன் 12, ஞாயிறு

கேட்டேவிட்டேன். "நான் போகக்கூடாதுன்னு வேணும்னேதான் ஊத்துனீங்களா?"

"சத்தியமா இல்ல, அமலு. தெரியாமத்தான் ஊத்துனேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தொறக்கலன்னதும்... ஒரு நிம்மதியா இருந்துச்சு. கிராணி பொண்டாட்டி சம்பளத்துக்குப் போறான்னு நாலு பேரு பேசுவாங்கல்ல?"

நான் பட்ட பாடெல்லாம் இவருக்கு நிம்மதியா! நெஞ்சு எரிகிறது. சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

ஜூன் 13, திங்கள்

விடிந்ததும் வாசலில் ஒரே தட்டல். காரின் பின்சீட்டைக் கழற்றி மண்ணில் போட்டிருந்தார். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அதைக் கழற்றினால் பெட்டி! விற்கும்போதே துரையின் டிரைவர் காட்டியிருக்கிறாராம். ஆக, ஆறு நாளும் வழி தெரிந்தே—

நான் வாயைத் திறப்பதற்குள் தலையை உள்ளே விட்டுவிட்டார். சர்டிபிகேட் கிடைத்தது, தொப்பை மாட்டிக்கொண்டது. நானும் கெர்ட்ரூட் அக்காவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். நான் கொஞ்சம் பலமாகவே இழுத்தேன்.

குளுவாங்கில் சாமியார் ரப்பர் வாடையடித்த சர்டிபிகேட்டை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தார். ஜூலை நாலாம் தேதி வந்து சேரச் சொன்னார்.

ஜூலை 4, திங்கள்

வேலைக்கு முதல் நாள். ரயிலுக்காக ரெங்கம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். ஆபீஸ் முனையில் இவருக்கு மேலதிகாரியான பெரிய கிராணி கையைக் காட்டி நிறுத்தினார். "காலங்காத்தால வீட்டுக்காரியோட எங்க கிளம்பிட்ட?"

இவர் தொண்டையைச் செருமினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டீச்சர ரயிலேத்தப் போறேன் சார். குளுவாங்ல வேல. கொஞ்சம் வழி விடுங்க, நேரமாச்சு," என்று ஹாரனை அடித்தார். பெரிய கிராணி ஓரமாக ஒதுங்கினார்.