மரத்தில் கட்டிய மெத்தைகள்

அன்பு மருமகளுக்கு,

மெத்தைக்கடை மாமன் எழுதுவது. உன் அத்தையின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதை நேற்று டிவியில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டதால், அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் உன் அத்தை பக்கத்தில் நின்று திருத்துகிறாள். காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதையே இரண்டு வருடம் படித்ததால் அதை ஒன்பது என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

இந்த வருடப் பந்தயங்கள் எல்லாவற்றையும் கடையிலேயே போட்டுக் காட்டுவது என்று பெரிய டிவியைச் சுவரில் மாட்டிவிட்டேன். நேற்று முதல் பந்தயத்துக்குக் கடையில் நூறு பேர். உன் அத்தையைக் கேட்டால் பதினொன்று என்பாள், அவள் உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணுகிறவள். பாதிப் பேர் மெத்தை வாங்க வந்தவர்களைப்போல ஒவ்வொன்றிலும் படுத்துப் புரண்டு பார்த்துவிட்டு, டிவிக்கு நேரே கிடப்பதுதான் முதுகுக்கு நல்லது என்று அதிலேயே தங்கிவிட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

டிவிக்காரன் பேசுவது நமக்குப் புரியாத பாஷை. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே விளக்கம் சொன்னேன். பெரிய வித்தையா அது? மலை உச்சியிலிருந்து ஒவ்வொருத்தராகச் சைக்கிளில் இறங்க வேண்டும், யார் சீக்கிரம் இறங்கினாரோ அவருக்கு முதலிடம். சின்ன வயதில் தண்ணீர்த்தொட்டி மேட்டிலிருந்து பிரேக் இல்லாத சைக்கிளில் இறங்கினவன் நான். பால்காரர் மேல் போய் நின்றது வேறு விஷயம்.

ஆனால் ஒரு இடத்தில் சறுக்கிவிட்டேன். நீ அம்புபோல வந்து கோட்டைத் தாண்டினாய். கடையே கைதட்டியது. உடனே ஒருத்தர் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அடுத்து வந்த பெண் மேலே நேரம் காட்டும் பலகையைப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்தவளும் போய்விட்டாள். உன்னை மட்டும் விடவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் ஏதாவது சொல்ல வேண்டும். "ஏதோ சட்டத்தை மீறிட்டா போல, விசாரணை நடக்குது" என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா எப்போதும்போல உள் அறையில் உறை தைத்துக்கொண்டிருந்தாள். நீ பந்தயக்காரியாகக் கிளம்பிய நாளிலிருந்து அவளும் நீயும் போனில் சைக்கிளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பந்தயம் ஓடும்போது அக்கா டிவி பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள், மிஷினை மட்டும் கடகடவென்று ஓட்டுவாள். விசாரணை என்றதும் மிஷின் நின்றது. உள்ளேயிருந்தே கேட்டாள்: "என்ன தப்பு பண்ணிட்டா, வெயில்ல உக்கார வச்சிருக்காங்க? கொஞ்சம் தண்ணியாவது குடுத்தாங்களா?"

பிறகு ஒரு பெண் வந்து பலகையைப் பார்த்துக் குதித்தாள். நீ எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாய். "விட்டுட்டாங்க" என்று நான் சொல்ல, மறுபடியும் கைதட்டல். பக்கத்துக் கடை சலூன்காரர்தான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னார்: "யோவ், அதுவரைக்கும் யாரு முதல்ல இருக்காங்களோ அவங்களுக்கான நாற்காலியாம் அது. ராஜ மரியாதையை இப்படி ஜெயிலாக்கிட்டியே." ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "அப்ப ஏன் எழுப்பி விட்டாங்க?" என்றாள். ஆறாவது இடம் என்றேன். "ஆறு நல்லதா?" என்றாள். உலகத்தில் ஆறாவது என்றேன். மறுபடி மிஷினை ஓட்டினாள், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

தொழில் முறையில் ஒரு விஷயம். வழியில் மரங்களுக்கு மெத்தை கட்டியிருக்கிறார்களே, அதை யார் தைத்தது? நான் பந்தயத்தில் பாதியை அந்த மெத்தைகளைப் பார்த்தே கழித்தேன். உறை பரவாயில்லை. உள்ளே வைத்த ஃபோம் மெலிசு. என்னைக் கேட்டிருந்தால் மரத்தையே தூங்கவைத்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ரசிகர் படைத் தலைவன்,
மாமன்

●

அன்புள்ள கண்ணு,

உன் கோச் போன் செய்து எல்லாம் சொன்னார். உடைந்தது கழுத்துப்பட்டை எலும்புதான், தலைக்கு ஒன்றும் இல்லை என்றார். இடது கையால் நீ காபி குடித்ததையும் சொன்னார். நல்ல மனுஷர், ஒரு பதற்றமும் இல்லாமல் பேசினார். நானும் பதறாமல்தான் கேட்டேன். போன் கீழே விழுந்தது வழுக்கியதால்.

இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவது பந்தயம், அங்கே மழை, மலை முழுக்கச் சேறு. உனக்கு முன்னால் இறங்கினவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டே சறுக்கி வந்தார்கள். உன் முறை வந்தது. வழியில் நேரம் எடுக்கிற முதல் இடத்தில் உன் நேரம் பச்சையில் காட்டியது. பச்சை என்றால் முன்னிலை, சிவப்பு என்றால் பின்தங்கல் என்று இப்போது தெருவில் பூக்கடைக்காரம்மா வரைக்கும் தெரியும், எல்லாம் நான் கொடுத்த பயிற்சி. இரண்டாவது இடத்திலும் பச்சை. நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் அந்த வேர் நிறைந்த சரிவு வந்தது. சைக்கிளின் முன்சக்கரம் ஒரு பக்கம் போக, நீ இன்னொரு பக்கம் போனாய்.

நான் உன்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி. அந்த மரத்து மெத்தை கீழே நழுவிக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு கயிறு. மழையில் நனைந்த மெத்தை கனம் தாங்காமல் இறங்கிவிட்டது. உன் தோள் பட்ட இடத்தில் வெறும் மரம்.

என் விளக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் உள்ளே மிஷின் நின்றது. அக்கா வாசலில் வந்து நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?" என்றாள். செயின் கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். "டேய், நீ பொறந்ததுலேர்ந்து பேச்சை நிறுத்தி நான் பாத்ததில்ல. செயினுக்கா நிறுத்துவ?" என்றாள். கடை நிறைய ஆட்களுக்கு நடுவில் எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து, ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனதைக் காட்டினார்கள். "நடக்கறா, நடக்கறா" என்று சலூன்காரர் அக்காவிடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு நான் போய்ப் பார்த்தேன். மிஷினில் துணி இருந்தது, ஊசியில் நூல் இல்லை. உறையில் ஒரு தையலும் விழவில்லை, வரிசையாக ஓட்டைகள்தான். உன் அத்தை அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "உங்க அக்கா ஒவ்வொரு பந்தயத்தப்பவும் இப்படித்தான் ஓட்டுது. இவ்வளவு நாள் உங்க கண்ணுல படலையா?" என்றாள். படவில்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் குடி, தூங்கு. உன் இடத்தில் வேறு யாராவது ஓட்டினால் நாங்கள் பார்க்கப்போவதில்லை. சலூன்காரர் மட்டும் பார்ப்பார், அவர் நம்ப முடியாத ஆள்.

மாமன்

●

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து நேராக இருக்கிறது, தோள் ஆறிவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். கடைசிப் பந்தயத்தில் இறங்குவதும் இறங்காததும் உன் இஷ்டம் என்று டீமும் சொல்லிவிட்டது. அம்மா வேண்டாம் என்றால் நீ இறங்கமாட்டாய், இதில் மட்டுமல்ல, இனி எதிலும். உனக்குக் கேட்க வாய் வரவில்லை, நான் கேட்டு எழுத வேண்டும். "மாமா, தயவுசெஞ்சு எதையும் சேர்க்காதீங்க" என்று கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன், கேட்காமலேயே பதில் எழுதிவிடலாமா என்று தோன்றியது. என் பேனாவில் உன் அம்மா ஒரு முழுப் பக்கம் பிரமாதமாகப் பேசியிருப்பாள், படித்தவர்கள் அழுதிருப்பார்கள். ஆனால் ஆமாம் என்று எழுதவா, வேண்டாம் என்று எழுதவா என்பதில் பேனா நின்றுவிட்டது. இரண்டுக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உன் கடிதத்தை அக்காவிடமே கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். "அவ விழுந்தத எனக்குக் காட்டு" என்றாள்.

வேண்டாம் அக்கா என்றேன். "காட்டுடா" என்றாள். போனில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை அந்த மரத்தில் நிறுத்தச் சொல்லி விரலால் தொட்டாள். "ஒத்தக் கயிறுல கட்டியிருக்கானுங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணு கட்டணும்னு கூடவா தெரியாது" என்றாள். அதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்தேன், அவள் கேட்கவில்லை. "முதல்ல ஓடி வந்தது யாரு?" என்றாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆள், பந்தயம் நடத்துகிறவர்கள் வைத்திருக்கும் உதவியாள் என்றேன். "நல்லா ஓடி வந்தான்" என்றாள். அப்புறம் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறந்துவிடக்கூடாது என்று பில் காகிதத்தின் பின்பக்கம் அவள் எதிரிலேயே குறித்துக்கொண்டேன். ஒரு சொல் என்னுடையது இல்லை.

"அவளுக்குப் பயமா இருக்கா, இல்ல எனக்குப் பயமா இருக்கும்னு கேக்கறாளா? அவளுக்குப் பயம்னா வந்துடச் சொல்லு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் பயம்னா, அது என் பயம். அத அவ தூக்கிக்கிட்டு மலை ஏற வேணாம். இங்க வச்சுட்டுப் போகட்டும்."

இவ்வளவுதான் பதில். இதில் ஆமாம் எது, வேண்டாம் எது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கடையை மூடும்போது அக்கா இன்னொன்றும் சொன்னாள். உறைகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். அந்த ஹெல்மெட் முகத்தை முழுசாக மூடிவிடுகிறதாம், போட்டுக்கொண்டால் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இருக்கிறார்களாம், எது தன் பிள்ளை என்று எப்படித் தெரியும் என்றாள். உள் அறையில் இருந்துகொண்டு இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அதனால் மருமகளே, நீ முதலாவதாக வந்தாலும் சரி, முப்பதாவதாக வந்தாலும் சரி, நாற்காலியில் உட்கார வைத்தாலும் வைக்காவிட்டாலும் சரி, ஒரு வேலை மட்டும் செய். வேகமாக வா என்றும் மெதுவாக வா என்றும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு இரண்டையும் அடித்துவிட்டேன். நீ எப்படி வருவாயோ அப்படி வா. வழியில் இருக்கிற மரமெல்லாம் உனக்கு விலகி நிற்கட்டும். ஆனால் கோட்டைத் தாண்டியதும் பலகையைப் பார்க்காதே, நேரத்தைப் பார்க்காதே. முதலில் ஹெல்மெட்டைக் கழற்று. கழற்றிவிட்டு, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நில்.

உன் அம்மாவுக்காக,
மாமன்