புள்ளி வைத்த கையெழுத்து

சிங்கவரம்
18.8.2025

அன்புள்ள சுவாதிக்கு,

சுமலதா எழுதுவது. நீ நலமா? மஞ்சு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? எத்தனை முறை அடித்தாலும் நீ போனை எடுப்பதில்லை. கம்பெனி டைம் ஆபீஸில் நாற்காலி கிடைத்ததும் கூடத் தைத்தவளை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சரி, கடிதமாவது உன் கையில் கிடைக்கட்டும்.

அம்மா இன்னும் படுக்கையில்தான். இடுப்பில் வைத்த தகடு நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். ஆனால் இன்னும் மூன்று மாதம் ஆள் பிடித்துத்தான் நடக்கவைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் வாசற்கதவிலிருந்து அடுப்படி வரை கூட்டிப்போகிறேன். அதற்குள் என்னைத் திட்டித் தீர்த்துவிடுகிறாள். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் இல்லை என்று ஜூனில் எங்கள் தையல் லைனையே மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லவா? அப்படி வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் மூன்று மாதம் பாதிச் சம்பளம் தருகிறார்களாம். விண்ணப்பிக்க விழுப்புரம் போனேன். அந்தப் பணம் வந்தால் அம்மா எழுந்து நடக்கிறவரை பக்கத்திலேயே இருப்பேன். வராவிட்டால் அவளைத் தனியாகப் போட்டுவிட்டு மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஆபீஸில் இருந்த மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நீயே வேலைய உட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வந்து பணம் கேக்கறியே?" என்கிறார். கம்பெனியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய அன்று நான் அம்மாவோடு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அல்லவா கிடந்தேன்? உனக்குத் தெரியாததா? என் ஃபைலில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லடி.

உன்
சுமலதா


திண்டிவனம்
22.8.2025

அன்புச் சுமாவுக்கு,

கோபப்படாதே. வெளியே அனுப்பியவர்களோடு யார் யார் பேசுகிறார்கள் என்று மேனேஜர் ராஜாங்கம் எங்கள் போனையெல்லாம் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் எடுக்கவில்லை. நீயும் இனி அடிக்காதே. கடிதமே நல்லது.

அம்மா திட்டுகிறாள் என்றால் தேறி வருகிறாள் என்றுதான் அர்த்தம். மஞ்சு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "சுமா பெரிம்மா எப்ப வரும்?" என்று தினம் ஒரு முறை.

ஃபைலெல்லாம் மேனேஜர் அலமாரியில் பூட்டியிருக்கிறது. என்னால் பார்க்க முடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அனுப்பியிருப்பார்கள். அந்தப் பணத்துக்கு அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கம்பெனியோடு மோதி நாம் ஜெயிக்கவா போகிறோம்? மாதம் இரண்டாயிரம் நான் அனுப்புகிறேன். நமக்குள் என்ன இருக்கிறது. அதை விட்டுத்தொலை சுமா.

அன்புடன்
சுவாதி


சிங்கவரம்
29.8.2025

சுவாதி,

மறுபடியும் விழுப்புரம் போய்வந்தேன். நான் நின்ற நிலையைப் பார்த்து மனம் இரங்கி, கம்பெனி அனுப்பிய தாளின் நகலை மேடம் காட்டினார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக நானே வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அதே சுழி, அடியில் அதே கோடு. கடைசியில் ஒரு புள்ளி.

நான் புள்ளி வைப்பதில்லை.

செஞ்சி பஸ் லேட்டாகிற நாளில் எனக்காக கேட் ரிஜிஸ்டரில் போடுவதற்கு, சாப்பாட்டு நேரத்தில் அட்டைப் பெட்டியின் மேல் என் கையெழுத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மஞ்சுவுக்குக் காய்ச்சல் என்று நீ வராத நாளில் உன்னுடையதை நான் போடுவேன். புள்ளி வேண்டாமடி என்றால், "முடிச்சி போடாத தையல் நிக்குமா?" என்று சிரிப்பாய்.

ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. இது என் கையெழுத்து இல்லை என்று மனு கொடுத்தால் விசாரித்துப் பணம் தருவார்களாம். எட்டாம் தேதி திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.

சுமலதா


திண்டிவனம்
3.9.2025

சுமா,

ஆமாம். நான்தான் போட்டேன்.

கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் இன்றைக்குக் கணக்குப் பணம், மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்று ராஜாங்கம் சொன்னார். நீ அங்கே ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாய். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரிப் போட்டுவிட்டேன். சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தேனே. எப்படி வாங்கினாய் என்று அன்றைக்கு நீ கேட்டாயா? என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

மனு கொடுத்தால், அந்தத் தாள்களை வாங்கி வைத்தது யார் என்று கேட்பார்கள். நான்தான். வேலை மட்டும் போகாது, கள்ளக் கையெழுத்து என்று போலீஸ் வரும். மஞ்சுவுக்கு என்னை விட்டால் யார்? அவள் அப்பன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கொடுக்காதே.

உனக்கு நல்லதுதானே நினைத்தேன்? அதற்கா இப்படி?

சுவாதி


சிங்கவரம்
9.9.2025

சுவாதிக்கு,

நேற்று விழுப்புரம் போனேன். மனுவை எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் உன் மேல் கோபம் கொதித்தது. நீ போட்டதற்காக இல்லை. அந்த நேரத்தில் அது எனக்குச் செய்த உதவிதான். நான் கேட்காமல் வாங்கிக்கொண்டதும் உண்மைதான். ஆனால் நான் ஒன்றும் தெரியாமல் ஆபீஸ் வாசலில் நின்றபோது, ஃபைல் பூட்டியிருக்கிறது என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம். இரண்டாயிரம் ரூபாயில் என் வாயை அடைக்கப் பார்த்தாயே, அதற்கும். முதல் கடிதத்திலேயே "நான்தாண்டி" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

மேடம் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நல்லா பாத்துச் சொல்லும்மா. உன்னுது இல்லன்னா கம்பெனிக்கு ஆள் போவும். போட்டது யாருன்னு கண்டுபுடிக்காம உட மாட்டாங்க" என்றார். எனக்குக் கண்ணில் நின்றது உன் முகம் இல்லை. தாய்மாமன் இல்லையென்று என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினீர்களே, அன்றைக்கு என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினாளே, அந்த மஞ்சுதான்.

"என்னுதுதான் மேடம்" என்றேன்.

"அப்ப எதுக்கும்மா இவ்ளோ தூரம் அலைஞ்ச?"

"மறந்துட்டேன் மேடம்."

விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மனுவை பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன்.

நாளையிலிருந்து மல்லாட்டை ஆயப் போகிறேன். அம்மாவுக்குக் கைக்கு எட்டுகிற இடத்தில் சொம்பில் தண்ணீரும் கஞ்சியும் வைத்துவிட்டு, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போக வேண்டும். நான் வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் போகிறேன் என்று கேட்டாள். பணம் வர நாளாகும் என்று சொல்லிவைத்தேன். இன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை.

இரண்டாயிரம் அனுப்பாதே. அனுப்பினால் திரும்பி வரும். கடிதமும் எழுதாதே.

கீழே நான் கையெழுத்துப் போடவில்லை. உனக்குத்தான் வருமே, நீயே போட்டுக்கொள்.