கராஜ் சுவரோரம் மூன்றாவது குழி

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 19

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் கேடில்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

போன குளிர்காலத்தில் கார் மேல் பனியைச் சுரண்டப் போய் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேனே, அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். கராஜைப் பனி தள்ளும் மெஷினும் புல்வெட்டியும் உன் பழைய படகும் அடைத்துக்கொண்டிருக்கின்றன, வடக்குச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் இந்த வருடம் கார் உள்ளே நிற்கும் என்றார். நிலம் உறைவதற்குள் நாலடி ஆழத்தில் கம்பம் நட வேண்டும், இல்லாவிட்டால் உறைபனி கம்பத்தையே மேலே தூக்கிவிடும் என்று அவசரம் வேறு. ஆள் வைக்கலாம் என்றால், தன் வீட்டு மண் தனக்குத் தெரியாதா என்று என் வாயை அடைத்துவிட்டார். எழுபத்தாறு வயதில் முதல் நாளே இரண்டு குழி. எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது குழியில் கடப்பாரை கேஸ் குழாயில் இறங்கிவிட்டது. சீறுகிற சத்தம் சமையலறை வரை கேட்டது. பக்கத்து வீட்டு டுவேன் ஓடி வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார், தீயணைப்பு வண்டி வந்து தெருவில் ஏழு வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு பொறி பட்டிருந்தால் நீ எங்களைப் புதைக்க வந்திருப்பாய். முப்பத்து நாலு வருடம் கேஸ் கம்பெனியில் அப்பாவின் வேலையே அதுதானே, யார் மண்ணைத் தோண்டினாலும் முதலில் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும், இவர் போய்க் குழாய் ஓடும் இடத்தில் மஞ்சள் கொடி நட்டுவிட்டு வருவார். போன் செய்யாமல் தோண்டியவர்களைச் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாள் கிழித்திருக்கிறார். அந்த மனிதர் போன் செய்யவில்லை.

கம்பெனியிலிருந்து வந்தவர் ராஜர், அப்பாவிடம் தொழில் பழகியவர். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே குழியைக் காட்டிக் கத்தினார்: "எந்த மடையன் இங்க தோண்டினது? ஒரு போன் பண்ணணும்கிற புத்தி கூடவா இல்ல?" விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன் தன் கையால் தோண்டியது நினைவில் இல்லை. "நான்தான் ஆள் வச்சுத் தோண்டச் சொன்னேன், போன் பண்ண மறந்துட்டேன்" என்றேன். ராஜர் அப்பாவின் கையுறையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், கண் பரிசோதனை என்று சொல்லி அழைத்துப் போவேன். கார் சாவியை ஒளித்துவிட்டேன். இனி வரப்போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது பிரிட்டா. நீ பதறிப்போய் டிக்கெட் எடுக்காதே, முதலில் டாக்டர் சொல்லட்டும். இராத்திரி வேலைக்குப் போகும் நாட்களில் வெறும் காப்பியோடு கிளம்பாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் அப்பா முதலில் இந்தக் குழிக் கதையைத்தான் ஆரம்பிப்பார், இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் உன் அம்மாவுக்கு அறிவில்லை என்பார். எனக்காகப் பரிந்து பேசிவிடாதே. ஆமாம்ப்பா, அம்மா செஞ்சது தப்புதான் என்று சொல்.

உன் அம்மா,
மார்லிஸ்